புகையைச் சோதிக்கும் அரசும் பிறேக்கை மறந்த நாமும்

2023ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு பிற்பகல். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். காரில் மனைவியும் அவருடைய தமக்கையாரும். றம்பொடைப் பக்கத்து வளைவுகள் எத்தகையவை என்பது அவ்வழியாற் சென்றோருக்குத் தெரியும். ஒரு வளைவுக்கு முன்னர் பிறேக்கை மிதித்தேன். வழக்கமாகக் காலை எதிர்த்து நிற்கும் மிதி, பஞ்சுப் பொதியை மிதித்தாற்போலத் தடையின்றிக் கீழே போயிற்று. இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் மிதித்ததில் சற்றே பிடித்தது. கியரைத் தாழ்த்தி, கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி ஒருவாறு நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளத்தாக்கு. பின்னாசனத்தில் இருந்த இருவரும் காட்சி பார்ப்பதற்காகவே நிறுத்தினேன் என்று எண்ணிக் கமராவை எடுத்தார்கள். நான் அந்த எண்ணத்தைக் கலைக்கவில்லை.

அரை மணி நேரம் கழிந்ததும் மிதி தானாகவே பழைய இறுக்கத்துக்குத் திரும்பிவிட்டது. எதுவுமே நடவாதது போன்ற தோற்றம். இந்தக் கோளாற்றின் வஞ்சகம் இதுதான். ஊர்ந்து ஊர்ந்து புசல்லாவை வரை வந்து, வீதியோரத்துச் சிறிய கராஜ் ஒன்றில் நிறுத்தினேன். அங்கிருந்த இளைஞர் பிறேக் ஒயில் குப்பியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது பிறேக் ஒயில் இல்லீங்க ஐயா, பிளேன்ரீ” என்றார். நிறம் உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒரு மணித்தியாலத்தில் பழையதை முற்றாக வெளியேற்றிப் புதிய ஒயிலை நிரப்பித் தந்தார். அவர் கேட்ட கூலி, கொழும்பில் நான் காரைக் கழுவக் கொடுப்பதிலும் குறைவு.

வீடு திரும்பியதும் கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் நான்கு சேர்விஸ்கள். நான்கு பற்றுச்சீட்டுகளோடும் ஒரு பரிசோதனைப் பட்டியல் இணைக்கப்பட்டிருந்தது. நான்கிலும் ‘பிறேக் ஒயில்’ என்ற வரிக்கு நேரே அழகான ‘சரி’ அடையாளம். கடைசி அடையாளம் அந்தப் பயணத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் இடப்பட்டது.

சேர்விஸ் நிலையத்துக்குச் சென்று கேட்டேன். (பெயர் வேண்டாம். ஒன்றைக் குறிப்பிட்டால் மற்றவை யோக்கியமானவை என்ற பொருள் வந்துவிடும்.) முகாமையாளர் பொறுமையாகவே பதில் சொன்னார். “மட்டம் சரியாகத்தானே இருந்தது சேர். மாற்றச் சொல்லி நீங்கள் கேட்கவில்லையே.”

மட்டம் சரியாகத்தான் இருந்தது. நான் கேட்கவில்லை என்பதும் உண்மைதான். அந்த இரண்டு உண்மைகளும் சேர்ந்து மூன்று பேரைப் பள்ளத்தாக்கில் தள்ளப் பார்த்தன. இந்தக் கட்டுரை அந்த இரண்டு உண்மைகளுக்கும் எதிரானது.

நம்மவரிடம் “கார் சேர்விஸ் செய்தாயிற்றா?” என்று கேளுங்கள். “ஓம், ஒயில் மாற்றியாயிற்று” என்பதே பதிலாக இருக்கும். இந்த நாட்டில் சேர்விஸ் என்ற சொல்லுக்கு ஒயில் மாற்றுதல், கழுவுதல், உள்ளே தூசி உறிஞ்சுதல், சக்கரங்களுக்குப் பளபளப்புப் பூசுதல் என்பவையே பொருளாகிவிட்டன. கண்ணாடியின் மூலையில் அடுத்த ஒயில் மாற்றத்துக்கான கிலோ மீற்றரை எழுதிய சிறிய தாள் ஒன்று ஒட்டப்படுகிறது. அந்தத் தாளில் ஒயிலைத் தவிர வேறெதற்கும் இடமில்லை. இயந்திரம் ஓடுவதற்கு வேண்டியதை நாம் கவனிக்கிறோம். வாகனம் நிற்பதற்கு வேண்டியதைக் கவனிப்பதில்லை. இயந்திரம் நின்றால் பணம் போகும். பிறேக் நிற்காவிட்டால் எது போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

முதலில் அந்த ‘5,000 கிலோ மீற்றர்’ மந்திரத்தைப் பார்ப்போம். எந்தக் காராக இருந்தாலும், எந்த ஒயிலாக இருந்தாலும் 5,000. இந்த எண் சாதாரண கனிம ஒயில் பாவித்த காலத்திலிருந்து நமக்கு வந்தது. இன்று டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் தன் சாதாரண பெற்றோல் கார்களுக்குச் சொல்லும் பொதுவான எல்லை 15,000 கிலோ மீற்றர் அல்லது ஓர் ஆண்டு. கடினமான பாவனை என்றால் 7,500 கிலோ மீற்றர் அல்லது ஆறு மாதம். இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. கொழும்பு நெரிசலில் ஊர்வதும், இரண்டு கிலோ மீற்றர் ஓடி நிறுத்துவதும், தூசியிலும் மலையிலும் ஓடுவதும் கடினமான பாவனையே. ஆகவே நம் ஊரில் சிந்தெற்றிக் ஒயிலை 7,500 கிலோ மீற்றரில் அல்லது ஆறு மாதத்தில் மாற்றுவது நியாயம். கனிம ஒயிலை 5,000இல் மாற்றுவதும் தவறன்று.

என் சண்டை அந்த எண்ணோடு அல்ல. ‘அல்லது’ என்ற சொல்லை நாம் விழுங்கிவிட்டதோடுதான். 2022 ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் எரிபொருள்தான். அதற்கு முன்னர் வாரக்கணக்கில் பெற்றோலே இல்லை. கார்கள் முற்றத்தில் நின்றன. கிலோ மீற்றர் ஏறவில்லை, ஆகவே சேர்விஸும் இல்லை என்று கணக்குப் போட்டோம். ஆனால் காலம் நிற்கவில்லை. ஒயில் பழுதாகியது, பற்றறி இறங்கியது, இறப்பர் இறுகியது, பிறேக் ஒயில் ஈரம் குடித்தது. ஓடாத காரும் மூப்படைகிறது என்ற எளிய உண்மை நம் கணக்கில் இல்லை.

பிறேக் ஒயில் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய ‘டொட் 3’ வகை குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரம் நான்கு வீதத்தை நெருங்கும்போது அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடலாம். ‘டொட் 4’ வகைக்கு அது 230இலிருந்து 155. நீண்ட இறக்கத்தில் பிறேக்கை இடைவிடாது மிதித்தால் சக்கரத்தருகே வெப்பம் அந்த அளவை எட்டும். ஈரமேறிய ஒயில் கொதித்து ஆவிக்குமிழியாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி கீழே போகும், சக்கரம் நிற்காது. ஆறியதும் குமிழி மறையும், மிதி இறுகும், சாட்சியம் அழிந்துவிடும். இவ்வளவும் நடக்கும்போது குப்பியில் மட்டம் சரியாகவே இருக்கும்! மட்டத்தைப் பார்த்துச் ‘சரி’ போடுகிறவர் உண்மையில் எதையும் பார்க்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், அதை மாற்ற வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்தது ரயர். ரயரின் பக்கச்சுவரில் ‘டொட்’ எழுத்துகளோடு ஆரம்பிக்கும் வரியின் முடிவில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். தன் காரின் நான்கு ரயர்களினதும் வயதைச் சொல்லக்கூடியவர்கள் உங்கள் நண்பர்களில் எத்தனை பேர்? பள்ளங்களின் அடியில் குறுக்கே சிறிய மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் மீதி ஆழம் 1.6 மில்லி மீற்றர்தான். மழை நாளில் அந்த ரயர் நீரின் மேல் வழுக்கும். காற்றமுக்கம் எவ்வளவு என்பது சாரதிப் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆயினும் காற்றடிக்கும் பையன் கேட்பதுமில்லை, நாம் சொல்வதுமில்லை. ‘முப்பது’ என்பது நம் தேசியக் காற்றமுக்கம்.

அப்படியானால் சேர்விஸ் நிலையங்கள் எதில்தான் அக்கறை காட்டுகின்றன? காசு வரும் இடத்தில். இயந்திரத்தின் உட்புறத்தைக் கழுவும் திரவம் போடட்டுமா என்று கேட்பார்கள். ஒயிலோடு கலக்கும் மருந்து ஒன்றை நீட்டுவார்கள். ஒரு இலட்சம் கிலோ மீற்றர் ஓடக்கூடிய இரிடியம் பிளக்குகளை இருபதாயிரத்திலேயே மாற்றச் சொல்வார்கள். சில இடங்களில் துருப் பிடியாதிருக்க என்று அடிப்பாகத்துக்கு டீசலோ பழைய ஒயிலோ தெளிக்கிறார்கள். இறப்பர் புஷ்களுக்கு அது நஞ்சு. கையேடு 0டபிள்யூ-20 ஒயிலைக் கேட்கும் ஹைபிரிட் காருக்கு, கையிருப்பில் இருப்பது 20டபிள்யூ-50 என்பதற்காக அதையே ஊற்றி, “நம் வெயிலுக்குத் தடிப்பானதுதான் நல்லது” என்று விளக்கமும் தருவார்கள். பிறேக் ஒயில் மாற்றுவதில் இலாபம் குறைவு. ரயரின் வயதைச் சொல்வதில் இலாபமே இல்லை. ஆகவே அவற்றுக்கு ஒரு ‘சரி’ போதும்.

இனி அரசு. 2008ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வாகனப் புகைப் பரிசோதனை நடைபெறுகிறது. புகைச் சான்றிதழும் காப்புறுதியும் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. நல்லது, சுவாசிக்கும் காற்று நம் எல்லோருக்கும் பொது. ஆனால் அந்தச் சான்றிதழ் வாகனத்தின் பிறேக்கைப் பற்றியோ ரயரைப் பற்றியோ ஸ்டியறிங்கைப் பற்றியோ ஒரு சொல்லும் கூறாது. பேருந்துக்கும் பாரவூர்திக்கும் தகுதிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. தனியார் காருக்கு அதுவும் இல்லை. இருபத்தைந்து வயதுக் கார் ஒன்று, புகை மட்டும் சுத்தமாக வந்தால், இன்னொரு வருடம் சட்டப்படி வீதியில் ஓடலாம். நிற்குமா என்பதை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

இதிலுள்ள முரண்பாட்டைப் பாருங்கள். நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும் பகுதி ஜப்பானில் பாவித்துவிட்டு அனுப்பப்பட்டவை. ஜப்பானில் ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய காருக்கு மூன்று ஆண்டுகளில், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை. அதன் செலவுக்கு அஞ்சியே பலர் அங்கு காரை விற்றுவிடுகிறார்கள். அதனால்தான் அவை நமக்குக் கிடைக்கின்றன. பரிசோதனைக்குப் பிறந்த வாகனம் ஒன்று, பரிசோதனையே இல்லாத நாட்டுக்கு வந்து, தன் மூப்பை இங்கே கழிக்கிறது. அதற்கு மேல், 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடை தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் நீங்கியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நம் கார்க்கூட்டம் முழுவதும் புது இரத்தமின்றி மூப்படைந்தது. 2022இல் ரூபா சரிந்தபின் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டே பலர் மயங்கினர், பழுதை ஒத்திப்போட்டனர். அந்த ஒத்திப்போட்ட பழுதுகள் இன்னும் நம் வீதிகளில்தான் ஓடுகின்றன.

தடை நீங்கியபின் மின்சாரக் கார்கள் வந்து இறங்கின. அவற்றுக்கு இயந்திர ஒயிலும் இல்லை, புகைக்குழாயும் இல்லை. ‘சேர்விஸ் என்றால் ஒயில்’ என்று நம்பும் உரிமையாளரும், ‘பரிசோதனை என்றால் புகை’ என்று நம்பும் அரசும் அந்தக் காரைப் பார்க்க ஒரு காரணமும் இல்லை. அதற்கும் நான்கு ரயரும் ஒரு பிறேக்கும் உண்டு என்பதை யார் நினைவூட்டுவது?

இலண்டனிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு எம்ஓடி பரிசோதனையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பிரித்தானியாவில் அது 1960இல் பத்து வயதுக்கு மேற்பட்ட கார்களுக்கு என்று ஆரம்பித்தது; இன்று மூன்று வயதிலிருந்து ஆண்டுதோறும். பிறேக், ரயர், ஸ்டியறிங், விளக்கு, ஆசனப்பட்டி, புகை எல்லாம் அதில் அடக்கம். அங்கே எம்ஓடி முடிந்த காரில் கடைக்குக்கூடப் போகாத நம்மவர், விடுமுறைக்கு வந்து கட்டுநாயக்காவில் இறங்கியதும் முன்பின் தெரியாத வான் ஒன்றில் குடும்பத்தோடு ஏறி, முந்நூறு கிலோ மீற்றருக்கும் மேலான தூரத்தை இரவோடிரவாகக் கடந்து யாழ்ப்பாணம் போகிறார். குளிரூட்டி வேலை செய்கிறதா என்று கேட்பார். ரயரைக் குனிந்து பார்ப்பதில்லை. அங்கே சட்டத்துக்கு அஞ்சுகிறோம், இங்கே எதற்கும் அஞ்சுவதில்லை.

சிலர் ஆட்சேபிப்பார்கள். முதலாவது, “இன்னுமொரு சான்றிதழ், இன்னுமொரு இலஞ்சம்” என்பது. 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டிஎல்லவில் பேருந்து கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். என் பிறேக் கைவிட்ட அதே கண்டி–நுவரெலியா வீதி. அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் இன்னொரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். இவை தகுதிச் சான்றிதழ் பெறவேண்டிய வகை வாகனங்கள்தானே, சான்றிதழால் என்ன பயன் என்று கேட்கலாம். ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறு. ஆனால் கண்ணால் பார்த்து முத்திரை குத்தும் பரிசோதனையும், என் பற்றுச்சீட்டில் இருந்த ‘சரி’ அடையாளமும் ஒரே சாதி. நான் கேட்பது அதையல்ல, அளவிடும் பரிசோதனையை. சக்கரத்தை உருளையில் ஏற்றி ஒவ்வொரு பிறேக்கின் பிடியையும் எண்ணாகக் காட்டும் கருவிகள் உலகெங்கும் உள்ளன. புகையை அளக்கக் கருவி வைத்து நாடு முழுவதும் நிலையங்கள் அமைக்க முடிந்த அரசுக்கு, அதே நிலையங்களில் இன்னொரு கருவியை வைக்க முடியாதா?

இரண்டாவது ஆட்சேபம், ஏழைகளின் வயிற்றில் அடிக்கிறாய் என்பது. பழைய கார் வைத்திருப்பவன் பணக்காரன் அல்லன் என்பது எனக்குத் தெரியும். நானும் பழைய கார்க்காரன்தான். ஆகவே முதலில் பதினைந்து வயதைக் கடந்த கார்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, பிறேக்கும் ரயரும் ஸ்டியறிங்கும் மட்டும் என்று தொடங்கட்டும். குறை கண்டால் திருத்த ஒரு மாத அவகாசம் கொடுக்கட்டும். பிரித்தானியாவும் பழையவற்றில்தான் தொடங்கியது.

ஏழ்மைதான் காரணம் என்போருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறேன். 1990களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, பற்றறிகூட இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அன்று ஒவ்வொரு கார்க்காரனும் தன் காரின் ஒவ்வொரு ஆணியையும் அறிந்திருந்தான். எது தேய்கிறது, எது கசிகிறது என்று குனிந்து பார்த்தான். இல்லாமை அவனைக் கவனமுள்ளவனாக்கிற்று. இன்று குனிந்து பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லாமற் போயிற்று.

அரசு விழிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. என் கோப்பின் முதற் பக்கத்தில் இப்போது நானே எழுதி ஒட்டியிருக்கும் பட்டியல் இது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒரு தடவை, கார் ஆறியிருக்கும் காலையில்: நான்கு ரயரினதும் மேலதிக ரயரினதும் காற்று, ஒயில் மட்டம், ரேடியேற்றர் நீர் மட்டம், முன்பின் விளக்குகள். பத்து நிமிட வேலை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அல்லது ஒயிலுக்குரிய கிலோ மீற்றரில்: ஒயிலும் ஒயில் பில்டரும், கையேட்டில் எழுதப்பட்ட அதே தரத்தில். சக்கரங்களைக் கழற்றி பிறேக் பாட்டின் தடிப்பைக் கண்ணால் பார்த்தல். ஹைபிரிட் கார்களில் மின்விசையே பெருமளவு வேகத்தைக் குறைப்பதால் பாட் தேயாது. ஆனால் பாவனை குறைந்த பிறேக் துருவேறி இறுகிவிடும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள். ரயர் தேய்மானம் ஒரு பக்கமாக இருந்தால் சக்கர நேரமைப்பைச் சரிபாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு தடவை: காற்று பில்டர், குளிரூட்டி பில்டர், பற்றறி, ஸ்டியறிங் மூட்டுகள், அடிப்பாக இறப்பர்கள். ஹைபிரிட் என்றால் பின்னாசனத்தருகே பெரிய பற்றறியைக் குளிர்விக்கும் விசிறியின் தூசியையும் நீக்க வேண்டும். அது அடைபட்டால் பற்றறியின் ஆயுள் குறையும்.

இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை: பிறேக் ஒயில். மட்டம் பார்ப்பதல்ல, மாற்றுவது.

கையேடு சொல்லும் எல்லையில்: கியர் ஒயில், ரேடியேற்றர்த் திரவம், ரைமிங் பெல்ற். பல ஜப்பானியக் கார்களில் பெல்ற்றுக்கு எல்லை ஒரு இலட்சம் கிலோ மீற்றர். (சங்கிலி உள்ள கார்களுக்கு இந்தக் கவலை இல்லை.) அது அறுந்தால் பல இயந்திரங்களில் வால்வும் பிஸ்ரனும் மோதும், அதன்பின் கராஜுக்குப் போவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சேர்விஸ் நடக்கும்போது விருந்தினர் அறையில் இருந்து பத்திரிகை வாசிக்காதீர்கள். (பத்திரிகைக்காரன் நான் இதைச் சொல்வது என் தொழிலுக்கே துரோகம்!) காரருகே போய் நில்லுங்கள். “பார்த்தீர்களா?” என்று கேட்காதீர்கள், “காட்டுங்கள்” என்று சொல்லுங்கள். கழற்றிய பில்டரைக் காட்டச் சொல்லுங்கள். பாட்டின் தடிப்பை மில்லி மீற்றரில் எழுதச் சொல்லுங்கள். எண் எழுதவேண்டியிருந்தால் ஆள் குனிய வேண்டும். ‘சரி’ அடையாளத்துக்குப் பேனா மட்டும் போதும்.

அந்த நான்கு பற்றுச்சீட்டுகளையும் நான் எறியவில்லை. காரின் முன்பெட்டியில் வைத்திருக்கிறேன். இப்போது சேர்விஸுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், முதலில் அவற்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன்.